நடுப்பெட்டியில் விழுந்த என் எழுத்து

மின்சார மீற்றர் பார்ப்பது என் தொழில். சுன்னாகத்தைச் சுற்றி என் மோட்டார் சைக்கிள் நுழையாத ஒழுங்கை இல்லை. மீற்றருக்குள் கம்பி செருகியவர், காந்தம் வைத்தவர், நாயை அவிழ்த்துவிட்டு "பிறகு வாங்கோ" என்றவர் என்று எல்லாரையும் கண்டாயிற்று. பதினெட்டு வருடம் இப்படித் திரிந்தால், எதிரே நிற்பவர் வாயைத் திறக்கும்போதே இவர் எதை ஒளிக்கிறார் என்று மூளை ஓடத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்தாலும் அது நிற்காது. "உது உங்களுக்கு ஒரு வருத்தமப்பா" என்பாள் மனைவி.

உண்மையான வருத்தம், டொக்டர்மார் நோய் என்று சொல்வது, மகளுக்கு வந்தது. ஏழு வயது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே தள்ளியிருந்தது. அடிக்கடி மூக்கால் இரத்தம் வரும். பூச்சி மருந்து கொடுத்தோம், கோயிலில் நூல் கட்டினோம், ஒன்றும் சரிவரவில்லை. ஸ்கான் எடுத்தபோது மண்ணீரலும் ஈரலும் வீங்கிக் கிடந்தன. உடம்பு உடைத்துத் தள்ளவேண்டிய ஒரு கொழுப்பு உடையாமல் அங்கேயே சேர்கிறது, அதை உடைக்கும் நொதியம் பிள்ளைக்குப் போதாது போலிருக்கிறது, இது பரம்பரையாக வருவது என்று டொக்டர் அம்மா சொன்னார். பரம்பரை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

டொக்டர் ஒரு தாளில் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாகக் கீறி, இரண்டு குடும்பங்களையும் விசாரித்தார்.

"உங்கடை பக்கத்திலை ஆருக்காவது வயிறு வீக்கம், எலும்பு நோ எண்டு இருந்ததோ?"

"ஒருத்தருக்கும் இல்லை டொக்டர். எங்கடை பக்கம் சுத்தம்."

சுத்தம் என்றே சொன்னேன். பக்கத்தில் இருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் மூவரின் இரத்தமும் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போனது. வழியில் வெக்கையில் கிடந்ததோ என்னவோ, நொதியத்தின் அளவு இரண்டு தடவையும் இரண்டுங்கெட்டானாகவே வந்தது. மிச்சம் இருந்தது மரபணு அறிக்கைதான். இந்த வருத்தத்துக்கு மருந்து உண்டு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க, நரம்பில் ஏற்ற வேண்டும். எங்களைப் போன்றவர்கள் வாங்குகிற சாமான் அல்ல அது. தயாரிக்கும் கொம்பனி சில நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் என்றார்கள். ஆனால் இதுதான் நோய் என்று தாளில் உறுதியாக இருக்க வேண்டும்.

அறிக்கை வந்தது. மரபணு என்பது நீளமான எழுத்து வரிசை மாதிரியாம், மகளுடையதில் இரண்டு எழுத்துகள் மாறியிருந்தன. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது நான் கொடுத்தது. ஒன்று மட்டும் இருந்தால் ஆளுக்குத் தீங்கில்லை, இரண்டு சேர்ந்தால்தான் வருத்தம். இப்படியான மாற்றங்களை ஐந்து பெட்டிகளில் பிரித்துப் போடுவார்களாம். ஒரு கரையில் நோய் தருவது, மறுகரையில் நோய் தராதது, நட்ட நடுவில் தெரியாதது. மனைவியின் எழுத்து பல நோயாளிகளிடம் முன்பே கண்டது, அதனால் நோய் தரும் பெட்டியில் கிடந்தது. என்னுடையது நடுப்பெட்டியில்.

"உங்கடை எழுத்தை இதுக்கு முதல் ஒருத்தரும் காணேல்லை," என்றார் டொக்டர். "உலகத்திலை சேர்த்து வைச்சிருக்கிற விபரங்களிலை எங்கடை ஆக்களின்ரை இரத்தம் குறைவு. உது வருத்தம் தருமோ, சும்மா கிடக்குதோ எண்டு இப்ப சொல்லேலாது."

சும்மா கிடக்குது என்பது மட்டுந்தான் எனக்குக் கேட்டது. வழக்கில் விடுதலையானவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து மனைவியைக் குடைந்தேன். "உம்மடை பக்கத்திலை இன்னும் ஆரோ இருக்கினம். மறைக்கிறியள்." அவளுடைய தகப்பனின் செத்தவீடு உடுப்பிட்டியில் நடந்தபோது, வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்க வீடியோவில் நேரடியாக விட்டிருந்தார்கள். அதைத் தேடி எடுத்தேன். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு பிரேதத்தைச் சுற்றி வருகிற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் வயிறாகப் பார்த்தேன். ஒருவன் அகப்பட்டான்.

"உவன் ஆர்? வயித்தைப் பாரும்."

"தம்பியின்ரை மகன். அயல்வீட்டிலை பத்து இடியப்பம் திண்டிட்டு வந்து நிக்கிறான். உங்களுக்கு விசரே?"

அடுத்த கிளினிக்கில் டொக்டர் தாளை மேசையில் விரித்தார். இலவச மருந்துக்குப் போட்ட விண்ணப்பம் தடைப்பட்டு நிற்பது என் எழுத்தால்தான் என்றார். அது நடுப்பெட்டியில் கிடக்கும்வரை மகளுக்கு மருந்து இல்லை.

"உங்கடை குடும்பத்திலை இதே வருத்தம் உள்ள ஒராளிட்டை இதே எழுத்து இருந்தால் அது பெரிய சாட்சி. ஆனால் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிட்டியளே."

பஸ்ஸில் மனைவி போனில் எதையோ தேடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் தன் போனை என் முன்னால் வைத்தாள். நாலு வருடத்துக்கு முந்திய என் அம்மாவின் செத்தவீட்டு வீடியோ.

"இதிலை பந்தத்தை எண்ணுங்கோ."

எண்ணினேன். ஆறு பந்தம். அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு.

"அக்காவின்ரை மகன் எங்கையப்பா?"

அக்கா கட்டியது எங்கள் மாமாவின் மகனை, சொந்த மச்சானை. அவர்களின் மகனுக்குச் சின்னனிலேயே வயிறு வீங்கியது, பிறகு இடுப்பு எலும்பு நொந்து கால் இழுக்கத் தொடங்கியது. சின்னனிலை மஞ்சட்காமாலை வந்தவன் என்று ஊருக்குச் சொன்னோம், சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம். ஊரில் உள்ள மீற்றரையெல்லாம் மூடி கழற்றிப் பார்த்த நான், எங்கள் வீட்டுக் கதையை மட்டும் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அதைவிடக் கேவலம் இன்னொன்று. அம்மாவின் கையால் சோறு தின்று வளர்ந்த அந்தப் பிள்ளை, அன்று வேட்டி கட்டிக்கொண்டு பந்தத்துக்கு நின்றான். நான்தான் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன், "அவனை அறைக்குள்ளை இருத்து. வீடியோ வெளிநாட்டுக்குப் போகுது. உன்ரை மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கேக்கை ஆக்கள் பாப்பினம்."

அடுத்தநாள் விடியக் கொடிகாமத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கொதித்தெழுந்தாள்.

"இப்பதான் மூத்தவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வருது. வருத்தக் குடும்பம் எண்டு எழுதிக் குடுக்கச் சொல்லுறியோ? நீதானேடா அண்டைக்கு மறைச்சு வை எண்டு சொன்னனி!"

"ஓம் அக்கா, நான்தான். இப்ப என்ரை பிள்ளை சாகப்போகுது."

கதிரையில் குந்தி அழுதேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் மகன், என் மருமகன், காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். இருபது வயது, தோற்றத்தில் பதின்மூன்று. சேட்டின் கையை மடித்தான்.

"எந்தக் கையிலை இரத்தம் எடுப்பினம், மாமா?"

அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்தினாள். ஆனால் மறுக்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் பழைய தாளை எடுத்தார். அவன் என் பக்கத்தில் இருந்தான். "இவர் அக்காவின்ரை மகன். முதலே இருந்தவர். நான்தான் மறைச்சனான்," என்றேன். அவர், தாளில் வெறுமையாகக் கிடந்த என் குடும்பப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறிக் கறுப்படித்தார்.

நாலு மாதம் காத்திருந்தோம். அவனிடம் என் எழுத்து இரண்டு பக்கத்தாலும் வந்து இரட்டையாக இருந்தது. அந்தச் சாட்சியோடு என் எழுத்து நடுப்பெட்டியை விட்டு, நோய் தரக்கூடியது என்ற பெட்டிக்குப் போனது. குற்றவாளி என்று தீர்ப்புக் கேட்டுச் சந்தோசத்தில் அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விண்ணப்பம் இரண்டாகப் போனது, ஒன்று மகளுக்கு, ஒன்று அவனுக்கு. இரண்டுக்கும் மருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அக்கா உள்ளதைச் சொன்னாள். அவர்கள் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

முதல்நாள் மருந்து ஏற்றும்போது மகளும் அவனும் ஒரே கட்டிலில் அருகருகே இருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் தன் தமையனுக்குக் காட்ட மனைவி போனை உயர்த்தினாள். மருமகன் அதைக் கண்டான். கையில் குத்தியிருந்த ஊசியோடு, மருந்துக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படத்துக்குள் விழாமல் கட்டிலின் கரைக்கு நகர்ந்தான். நகரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.