அப்பாவுக்குப் பழக்கம் எதுவும் இல்லை

இங்கிலாந்தின் வடக்கே நான் வசிக்கும் ஊரில், சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் நீளமான லாரி ஒன்று நிற்கிறது. உள்ளே சி.டி. ஸ்கேன் இயந்திரம். அதை இயக்குவது என் வேலை. ஐம்பத்தைந்தைத் தாண்டிய, புகைபிடித்துப் பழகியவர்களைக் கடிதம் போட்டு அழைத்து, குறைந்த கதிர்வீச்சில் நுரையீரலைப் படமெடுக்கிறோம். புற்றுநோய் இருந்தால், உடம்பு காட்டிக்கொடுக்கும் முன்பே தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். வருகிறவர்களோ உருளைக்கிழங்குப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, லாரி இடத்தை அடைத்துக்கொண்டது என்று என்னிடமே குறைப்படுகிறார்கள். உயிர் காக்கும் வண்டி வாசலுக்கு வந்தாலும் அதில் குறை காணும் திறமை இவர்களுக்கு உண்டு.

சென்ற மாதம் ஒரு பெரியவர் வந்தார். புகைப்பதை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "இப்பத்தான் லவ், உன் லாரிப் படிக்கட்டுல" என்றார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதை உண்மையென்று நம்பிப் பதிவு செய்யப்போனேன். கூட வந்த மகள் சிரித்துவிட்டாள். "டாட், ஒழுங்காச் சொல்லு. கார்ல இன்னொரு பாக்கெட் இருக்கு." அவரும் சேர்ந்து சிரித்தார். மகள் முன்னால் ஒரு அப்பா அப்படிச் சிரிப்பதை எங்கள் பல்லாவரத்தில் நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா திரிசூலம் மலையில் கல்லுடைத்தவர். பிறகு கிரஷரில் கல்தூளைச் சுவாசித்தவர். அதற்கு மேல் பீடி. நான் தெருமுனையில் திரும்பினால் அவர் கை முதுகுக்குப் பின்னால் போகும். புகை மட்டும் தோளுக்கு மேலே எழும்பும். நான் பார்க்கவில்லை, அவர் குடிக்கவில்லை. இதற்கு எங்கள் பக்கம் மரியாதை என்று பெயர்.

இந்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அவரைக் குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன். கிளம்பும்போதே சித்தப்பா ஆரம்பித்தார். "நல்லா கீற மனுசன இன்னாத்துக்கு மிசின்ல போடற? ஓடற வண்டிய பிரிச்சா அப்பால ஸ்டார்ட் ஆவாது." வீடே சிரித்தது. நுரையீரல் பற்றி இவர்களுக்கு இருக்கும் அறிவு அவ்வளவுதான்.

டாக்டர் என்னைவிட இளையவர். "ஸ்மோக்கிங் உண்டாங்க ஐயா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "அதெல்லாம் ஒரு பழக்கமும் கெடையாது சார்."

அவர் சட்டைப்பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. டாக்டரின் பார்வை விலைப்பட்டியலில் இருந்தது. "அப்ப இந்த ஸ்கேன் தேவையில்ல மேடம். மாஸ்டர் செக்கப் போட்டுடலாம், ஆஃபர்ல இருக்கு."

"பொய் சொல்றாரு டாக்டர். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து பீடிதான்" என்றேன்.

அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கி நடந்துவிட்டார். ஸ்கேன் எடுக்கவே இல்லை.

"நாலு பேர் எதிர்ல அப்பன் மானத்த வாங்கத்தான் உன்ன படிக்க வெச்சமா?" என்று அம்மா கேட்டாள். தினமும் நுரையீரல்களைப் பார்க்கிறேன். மானம் அதில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இதுவரை தெரியவில்லை. அன்று சாயங்காலம் அப்பா என் எதிரிலேயே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பீடியைப் பற்றவைத்தார். "இனிமே இன்னா மறைக்கறது? நீ போயி வெள்ளக்காரன படுக்க வெச்சி படம் புடி. என்ன வுட்டுடு."

நான் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிப் படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறேன். அப்பா போனுக்கு வருவதில்லை. சென்ற வாரம் அம்மாவின் குரலுக்குப் பின்னால் இருமல் கேட்டது. "சளிதான்" என்றாள் அம்மா, நான் கேட்பதற்கு முன்பே. பிறகு கதவு திறக்கும் சத்தம். இருமல் தெருவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே அடுத்தவர் மேசையில் படுத்துக் காத்திருந்தார். போய் ஒலிவாங்கியில், "மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யாரோ ஒருத்தியின் அப்பா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் பேச்சைக் கேட்டு மூச்சைப் பிடித்தார்.