முதல் மரக்கால்

செல்லம்மா டீச்சருக்கு வீடு தாம்பரத்தில், பால்வாடி ராஜகீழ்ப்பாக்கத்தில். எண்பத்தொன்றிலிருந்து பதினேழு வருஷம் அதே பஸ், அதே கறுப்புக் குடை. வாண்டுகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்து, சிலேட்டில் கை பிடித்து எழுத வைப்பது வேலை. அதில் என்ன அதிசயம் இருக்கிறது என்றுதான் அவளும் முதல் சில வருஷம் நினைத்திருந்தாள். எண்பத்தாறில் காமு அந்த நினைப்பைக் கெடுத்தாள்.

காமு, பால்வாடிக்கு எதிரே நெல் மண்டி வைத்திருந்த துளசிங்கத்தின் மகள். நாலரை வயது. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லாபம்’ என்று வாய் நிறையச் சொல்லிக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் ரெண்டு, மூணு. காமு அந்த நெல் குவியல்மேல் விழுந்து புரண்டு வளர்ந்தவள்.

அந்த ஏப்ரலில் துளசிங்கம் மகளுக்குப் புதுச் சட்டை போட்டு, ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனார். மேஜையில் மரக்கட்டைகளை வைத்து எண்ணச் சொன்னார்கள். காமு கணீரென்று ஆரம்பித்தாள்: “லாபம், ரெண்டு, மூணு...” அறையே சிரித்தது. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பிலேயே துளசிங்கம் மகள் முதுகில் ஒன்று வைத்தார். அதோடு காமு எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

“மண்டிக்காரன் பொண்ணுன்னு மூஞ்சில எழுதி ஒட்னாப்பல ஆயிடுச்சி டீச்சர்,” என்று துளசிங்கம் பால்வாடி வாசலில் நின்று பொருமினார். “ரெண்டு வருசமா இங்கதான வந்துகினு கீது? வர்ற சனிக்கெழமயும் வாயத் தொறக்கலன்னா, மண்டியிலயே கெடக்கட்டும். எனக்கு இந்தப் பேஜாரே வாணாம்.”

செல்லம்மா புளியங்கொட்டைகளைப் பரப்பினாள். கொஞ்சினாள், மிட்டாய் காட்டினாள். காமு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஆயா கிளியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“அத்த ஏன் டீச்சர் இந்தப் பாடு படுத்துற? இங்க அனுப்பு, தட்டாவது வெக்கட்டும். எனக்கு இடுப்பு ஒடியுது.”

முதல் நாள் காமு ஒவ்வொரு தட்டாக எடுத்துக்கொண்டு அடுப்படிக்கும், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிள்ளைகளின் வரிசைக்கும் ஓடினாள். மறுநாள் ஒரு அடுக்காகத் தூக்கி வந்தாள், பாதி மிச்சமானது. மூன்றாம் நாள் கடைசியில் தட்டு போதவில்லை. காமு நின்றாள். தட்டில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய் மூன்று தட்டு கொண்டு வந்தாள். சரியாக மூன்று. உதடு அசையவில்லை, விரல் மடங்கவில்லை.

செல்லம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மூன்று எங்கே இருந்தது? தட்டை எடுக்கும்வரை தட்டிலும் இல்லை. பிள்ளைகளோ இங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்படியானால் வரிசையிலிருந்து அடுப்படி வரைக்கும் இந்தக் குழந்தை எதைச் சுமந்துகொண்டு போனாள்?

சிலேட்டை எடுத்துக் கொடுத்தாள். “யார் யாருக்குத் தட்டு வெச்சேன்னு எனக்கு எழுதிக் காட்டு கண்ணு.”

காமு குனிந்து கோடு கோடாக இழுத்தாள். தலைக்கு ஒரு கோடு. நடுவில் நிறுத்தி ஒரு வட்டம் போட்டாள். பிறகு மறுபடியும் கோடுகள்.

“இது யாரு?”

“குப்பன்.” குரல் எறும்பு ஊர்கிற மாதிரி வந்தது. “அவன் வரல. வெறுந்தட்டு.”

குப்பனுக்கு அம்மை போட்டிருந்தது. வருஷாவருஷம் பத்து எழுதும்போது ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு முட்டை போடு என்று சொல்லிக்கொடுத்தவள் செல்லம்மா. அந்த முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் துளசிங்கம் வந்தார். “நாளைக்கு இட்டுகினு போறதா வாணாமா, நீயே சொல்லு டீச்சர்.”

“நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லண்ணா. இப்படி உக்காருங்க.”

வேட்டியை மடித்துக்கொண்டு வரிசைக் கடைசியில் உட்கார்ந்தார். காமு அவரைப் பார்த்தாள், பயந்தாள். ஆனாலும் உள்ளே போய் அவருக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கும் கோடு போட்டிருந்த சிலேட்டில் இன்னும் ஒரு கோடு கூட்டினாள்.

“இன்னா கிறுக்கி வெச்சிகீற?” துளசிங்கம் சிலேட்டை வாங்கினார். முதல் கோட்டில் விரல் வைத்தார். இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகப் போனது. “லாபம், ரெண்டு, மூ...”

காமு களுக்கென்று சிரித்தாள். “ஐய! நெல்லுக்குத்தான்பா லாபம். தட்டுக்கு ஒண்ணு!”

பிடி சோற்றோடு கிளியம்மாளின் கை அப்படியே நின்றது. காமு அப்பாவின் விரலைப் பிடித்து மறுபடி முதல் கோட்டில் வைத்தாள். ஒண்ணு, ரெண்டு என்று இழுத்துக்கொண்டே போனாள். வட்டம் வந்ததும் விரலைத் தூக்கித் தாண்ட வைத்தாள்.

“இத்த எண்ணக் கூடாது. குப்பன் வரல.”

கடைசிக் கோடு இருபது. “இது நீ.”

துளசிங்கம் அடித்த கையாலேயே சோற்றைப் பிசைந்து, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு எழுந்தார். சனிக்கிழமை மேஜையில் எட்டுக் கட்டைகள் வைத்தார்களாம். காமு எட்டையும் எண்ணிவிட்டு, “இது நெல்லு இல்லல்ல?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாளாம். ஜூனில் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மை இறங்கிக் குப்பன் வந்தபோது, தட்டு வைக்கும் வேலை அவனுக்குப் போனது. அவன் இரண்டு நாள் எல்லாவற்றையும் கீழே போட்டான். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷமும், தட்டு வைக்கிற நேரத்தில் செல்லம்மா வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. அடுப்படி வாசலில் நின்று, தட்டெடுக்க வரும் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.