மின்விசிறி கடைக்காரர் உபயம்

நுகர்வோர் கோர்ட் வந்துவிட்டது என்று பெருமை பேசும் அரசாங்கம்தான், மக்களுக்காகப் பேசும் சங்கங்களைக் கடைக்காரர்களிடம் கையேந்த விட்டிருக்கிறது. பட்டவள் சொல்கிறேன்.

பல்லடத்தில் நான் வாங்கிய புது கிரைண்டர், மாவைத் தள்ளிவிடும்போது கரண்ட் அடித்து என்னைச் சுவரில் மோதவிட்டது. பிழைத்தது அதிர்ஷ்டம். கடைக்காரரிடம் போனால், "ஈரக் கையில தொட்டா அப்படித்தானுங்க அம்மணி" என்றார். மாவாட்டுகிறவள் கை வேறு எப்படி இருக்குமாம்?

பீளமேட்டில் ஒரு நுகர்வோர் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மேலே பார்த்தேன். நின்றுபோன மின்விசிறியின் இறக்கையில் ‘உபயம்’ என்று அதே கடையின் பெயர்.

"ஏனுங்க, அவங்க காத்தை வாங்கிட்டு அவங்க மேலயே கேஸ் போடுவீங்களா?"

அவர் நெளிந்தார். "அரசாங்கம் ஒண்ணும் குடுக்கறதில்லீங்க. வாடகையே எங்க கைக்காசு. வெக்கை தாங்காம அவங்க குடுத்ததை வாங்கி மாட்டிட்டோமுங்க."

"அப்பக் கழட்டிப்போட்டு என் புகாரை எழுதுங்க."

சிரித்துக்கொண்டே மேசைமேல் ஏறிவிட்டார். அவர் விழாமலிருக்க நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் மின்விசிறியும் நோட்டீசும் ஒன்றாகவே கடைக்குப் போயின. அந்த வாரமே எனக்கு வேறு கிரைண்டர் வந்தது.

இப்போதெல்லாம் எந்தச் சங்கத்துக்குப் போனாலும், செலவுக்கு யார் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். எங்கள் வரிப்பணத்தில் இவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்து, வாயையும் கட்டாமல் விடுவதற்கு என்ன தடை? துறை அமைச்சர் இந்தப் பத்திரிகையிலேயே பதில் சொல்லட்டும்.