பதினோரு நிமிடச் சந்தை

மாதேஸ்வரிக்கு விலை கேட்கும் வியாதி. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண் கட்டியிருக்கும் புடவை என்ன விலை என்பாள். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், நலம் விசாரித்த கையோடு ஏறிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் பாட்டிலின் விலையையும் விசாரிப்பாள். வாங்குவதற்காக அல்ல, தெரியாவிட்டால் அவளுக்கு மண்டை வெடித்துவிடும். சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், வீட்டுக்குச் சாப்பிட வந்த சூப்பர்வைசரிடம் அவருடைய ஷூ எவ்வளவு என்று கேட்டுவிட்டாள். புருஷன் முனிராஜ் தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒன்பது வருஷம் நின்றபடியே வேலை பார்த்தாள். காண்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை தேடியபோது, நிறைகுடம் மார்ட் என்ற சூப்பர் மார்க்கெட்டில் அவளுடைய வியாதிக்கே சம்பளம் கொடுத்தார்கள். ஓசூரைச் சுற்றி அந்தக் கம்பெனிக்கு ஏழு கிளைகள். கிளைகளுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன மளிகைக் கடைகளுக்குத் தினமும் போய், பன்னிரண்டு சாமான்களின் விலையைத் தெரிந்துகொண்டு செல்போனில் ஏற்ற வேண்டும். நேராகப் போய்க் கேட்டால் எந்தக் கடைக்காரர் சொல்வார்? அதனால் வாடிக்கையாளர் போலப் போய், ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு, பேச்சோடு பேச்சாக மற்றவற்றை விசாரித்து, தெரு முனை திரும்பியதும் போனை எடுப்பாள். தெலுங்குக் கடையில் தெலுங்கு, கன்னடக் கடையில் கன்னடம். இதில் ஒளிவு மறைவு இருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. ஊரே கேட்கிற விலையைத்தானே கேட்கிறோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு வசதியாகவும் இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரே கம்பெனியின் துவரம்பருப்பு, ஒரே லாரியில் வந்து இறங்குகிறது. அப்படியிருக்க பாகலூர் சாலைக் கிளையில் ஒரு விலை, தேன்கனிக்கோட்டை சாலைக் கிளையில் ஒரு விலை, அவள் குடியிருக்கும் மல்லிகை நகர்க் கிளையில் இன்னொரு விலை. ஏன்? மேனேஜர் தினேஷ்குமாரிடம் போய் நின்றாள்.

"சிஸ்டம் போடுதுக்கா."

"சிஸ்டத்துக்கு யாரு சொல்றாங்க?"

"நீங்கதான்!" என்று சிரித்துவிட்டு அவன் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

அவன் வேடிக்கையாகச் சொன்னது இவளுக்கு முள்ளாகத் தைத்துக்கொண்டது. அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகும் கிளை கிளையாகப் போய்ப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் மறக்காது. மெல்ல ஒரு ஒழுங்கு பிடிபட்டது. ஒரு சின்னக் கடை அவளுடைய பட்டியலில் ஏறினால், அந்தத் தெருவுக்குப் பக்கத்துக் கிளையில் மட்டும் விலை இறங்குகிறது, கொள்முதல் விலைக்கும் கீழே. கடை மூடியதும் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுகிறது. ஒரு மாதம் போனதும் விலை ஏற ஆரம்பித்து, பழைய விலையையும் தாண்டிப் போய் நிற்கிறது. மல்லிகை நகரில் பெருமாள் கடை அப்படித்தான் பட்டியலில் ஏறி நூற்றுப் பன்னிரண்டாம் நாள் மூடப்பட்டது. பெருமாள் இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறார். அவர் மூடியதற்குக் காரணம் அவருடைய சர்க்கரை வியாதி என்றுதான் தெருவில் பேச்சு.

கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு அரை நாள்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அன்றைய பட்டியலில் முப்பத்தெட்டாவது நாளாக ஜெய்னப் கடை இருந்தது.

ஜெய்னப்பும் ஃபக்ருதீனும் அவள் தெருவிலேயே கடை வைத்திருந்தார்கள். ஃபக்ருதீன் சரக்கு எடுக்கப் போவார், கல்லாவில் ஜெய்னப். கேப்பை மாவு தீர்ந்துவிட்டதென்று எந்த நேரத்தில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து கொடுக்கிறவள். மாதேஸ்வரி ஏதோ கம்பெனி வேலைக்குப் போகிறாள் என்றுதான் அவளுக்கும் தெரியும். அன்று மாதேஸ்வரி போனபோது, ஜெய்னப் பாதி காலியான ஷெல்ஃபில் பிஸ்கட் பாக்கெட்டுகளை இடம் விட்டு இடம் விட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் கடை அட்வான்ஸத் திருப்பிக் கேட்டுடலாம்னு அவரு சொல்றாரு மாதேசு. நிறைகுடத்துல போடற வெலைக்கு எங்களுக்குச் சரக்கே கெடைக்கல. எப்புடித்தான் கட்டுப்படியாவுதோ!"

எப்படி என்பது எதிரில் நின்றவளுக்குத் தெரியும். "அக்கா, ஒரு வக்கீலப் பாக்கலாம் வாங்க," என்று மட்டும் சொன்னாள். அந்தக் கடை போய்விடக் கூடாது.

வக்கீல் தமிழரசனின் அறை கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. தெரிந்துகொள்ளும் பைத்தியத்தில் அவர் மாதேஸ்வரிக்குச் சளைத்தவர் அல்ல. பத்து நிமிடத்தில் முடியவேண்டிய பேச்சை ஒரு மணி நேரம் இழுத்தார்.

"வெலையக் கொறைக்கறது குத்தம் இல்லமா. அதுக்கோசரம்தான் போட்டிச் சட்டமே. ஆனா பெரிய ஆளு ஒருத்தன், அடக்க வெலைக்கும் கீழ வித்து, பக்கத்துக் கடைய மூட வெச்சிட்டு அப்புறம் ஏத்தினா, அது குத்தம். டெல்லியில இதுக்குன்னே போட்டிக் கமிஷன் இருக்குது, புகார் கொடுக்கலாம்."

"அப்ப கொடுத்துடலாம் சார்," என்றாள் ஜெய்னப்.

"சிக்கல் அங்கதான் இருக்குது. அவன் அந்தச் சந்தையில பெரிய ஆளுன்னு காட்டணும். எந்தச் சந்தை? இந்தியான்னு எடுத்தா நிறைகுடம் ஒரு தூசி. ஓசூருன்னு எடுத்தா இங்க எத்தினி சூப்பர் மார்க்கெட்! அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுல போயி வாங்கறவங்களும் இருக்காங்க, அதையும் சேருன்னு அவங்க வக்கீல் கேப்பாரு. சின்ன எடத்துல நடக்கற அநியாயத்துக்குச் சட்டம் பத்தல, திருத்துங்கன்னு வியாபாரிங்க சங்கம் கேட்டுக்கிட்டே இருக்குது. திருத்தற வரைக்கும் இருக்கற சட்டத்த வெச்சித்தான் ஓட்டணும்."

மாதேஸ்வரி யோசித்தாள். "ஒரு சந்தை எவ்ளோ பெருசு சார்? அத எப்புடி அளக்கறது?"

தமிழரசன் கண்ணாடியைக் கழற்றினார். "சாமான் வாங்க ஜனங்க எவ்ளோ தூரம் போவாங்களோ, அவ்ளோ பெருசு."

அவ்வளவுதானே! மறுநாளே மாதேஸ்வரி மல்லிகை நகர் முனையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். காலை ஷிப்டு முடிந்து மூன்று இருபத்தொன்பதுக்கு பஸ் வரும். நாற்பது ஐம்பது பெண்கள் இறங்குவார்கள். மூன்று நாற்பதுக்கு அதே முனைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். பிள்ளைகளை இறக்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் வேன்காரர் திட்டித் தீர்ப்பார். இடையில் பதினோரு நிமிடம். அதற்குள் பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு முனைக்குத் திரும்பவேண்டும். பிள்ளை வந்தபிறகு தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், வெளியே கால் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்று கேட்டால், கையில் காசு இருக்கும் ஞாயிறு மாதத்துக்கு ஒன்றுதான் என்றார்கள். மாதேஸ்வரி ஐந்து நாள் நின்று அறுபத்து மூன்று பேரிடம் கேட்டாள். சென்னம்மாள் என்ற ஒருத்தி, "எதுக்குக்கா இதெல்லாம், எங்க கால அளந்து செருப்பு தைக்கப் போறியா?" என்று கலாய்த்தாள். அத்திப்பள்ளிக்குப் போகிறவர்கள் பைக் வைத்திருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் மட்டும்.

அந்தப் பதினோரு நிமிட நடைக்குள் முன்பு இரண்டு மளிகைக் கடைகளும் ஒரு நிறைகுடமும் இருந்தன. இப்போது நிறைகுடமும் ஜெய்னப்பும்தான்.

அவள் கொண்டுபோன கணக்கைப் பார்த்ததும் தமிழரசன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதாம்மா சந்தை! பதினோரு நிமிஷம்! கமிஷன் ஒத்துக்குமான்னு தெரியாது, ஆனா கேக்கறதுக்கு நமக்கு ஒரு கேள்வி கெடச்சிடுச்சி." மாதேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. படித்தவர் ஒருவர் தன் கேள்வியைக் கேள்வி என்று மதித்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்று ஜெய்னப் தன்னோடு பெருமாளையும் அழைத்து வந்திருந்தாள், மூடிய கடைக்குச் சாட்சியாக. அவர் கேன்டீன் சட்டையோடே ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றார் வக்கீல். "அவங்க குறி வெச்சிதான் அடிச்சாங்கன்னு காட்டணும். பெருமாள் கடையில ஒரு ரூபா கொறஞ்சா மறுநாளே நிறைகுடத்துல கொறஞ்சிருக்குதே, எப்புடி? யாரோ ஒரு ஆளு தெனமும் வந்து வெலைய எழுதிட்டுப் போயிருக்கணும். அந்த ஆளு மட்டும் நேர்ல வந்து சொன்னா, உடனே இடைக்காலத் தடை கேக்கலாம். ஜெய்னப்மா கடைய மூட வேண்டி வராது."

சொன்னால் மாதேஸ்வரிக்கு வேலை போய்விடும். அதைவிட, பக்கத்தில் இருக்கும் இரண்டு முகங்களும் மாறிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான்தான் சார் அந்த ஆளு."

ஜெய்னப் திரும்பிப் பார்த்தாள். பெருமாள்தான் கேட்டார்.

"என் கடையில தொகரம்பருப்பு என்னா வெலன்னு எழுதின?"

"மொத நாளு நூத்தி அறுபதுண்ணா."

"நூத்தி அறுபதா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாருக்கும் நூத்தி அறுபத்தெட்டுதாம்மா வித்தேன். அப்ப உன் புருசனுக்கு வேல இல்லாத நேரம். பக்கத்துத் தெருப் பொண்ணு, பாவம், கேக்கவும் மாட்டாளேன்னு எட்டு ரூபா கொறச்சிச் சொன்னேன். அது உனக்கு மட்டும் சொன்ன வெல."

எதையும் கேட்காமல் விடாத மாதேஸ்வரி, மற்றவர்களுக்கு என்ன விலை என்று ஒரே ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. அவர் இரக்கப்பட்டுச் சொன்ன விலையை அவள் கடையின் விலை என்று ஏற்றியிருக்கிறாள். சிஸ்டம் அதற்கும் கீழே போயிருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க அவர் எல்லாருக்கும் குறைத்திருக்கிறார், அதையும் இவளே போய் எழுதியிருக்கிறாள்.

மெல்ல ஜெய்னப் பக்கம் திரும்பினாள். "அக்கா, எனக்குச் சொல்ற வெல..."

"உனக்கு எப்பவும் அஞ்சு ரூபா கம்மி," என்றாள் ஜெய்னப்.

தமிழரசன் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசையில் தள்ளி வைத்தார். மாதேஸ்வரி தன் பெயரை எழுதினாள், கம்பெனியின் பெயரை எழுதினாள், பெருமாள் கடையின் நூற்றுப் பன்னிரண்டு நாளையும் ஜெய்னப் கடையின் நாட்களையும் எழுதினாள். எனக்கு மட்டும் குறைத்துச் சொன்ன விலையைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன் என்ற வரியையும் எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மூவரும் மாடிப்படி இறங்கினார்கள். ரோட்டில் பெருமாளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்ட பிறகு, ஜெய்னப் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பத்தடி போனதும் மாதேஸ்வரியைப் பார்க்காமலே சொன்னாள்.

"நாளையிலேர்ந்து உனக்கும் எல்லாருக்கும் சொல்ற வெலதான் மாதேசு."

குரலில் கோபமே இல்லை. "சரிக்கா," என்றாள் மாதேஸ்வரி.