இருபது நிமிடம் திறக்காத கேட்

என் அக்கா புருஷனைக் கம்பெனியில் எல்லாரும் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாட்ச்மேன் வேலை. உள்ளிருந்து சீட்டு வராமல் யாருக்கும் கேட்டைத் திறக்க மாட்டார். சொந்த மச்சினன் நானே இரண்டு முறை வெயிலில் நின்று, வயிறெரிந்து திரும்பியிருக்கிறேன்.

அக்கா போன பிறகு அவருக்கு மிச்சம் ஒரே மகள். அவளும் கல்யாணமாகி வெளிநாடு போய் ஆறு வருடம். அங்கே இரண்டு வயதில் ஒரு பேத்தி. போனில் அந்தக் குழந்தை சிரித்தால் இவர் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். “ஒரு தடவ தூக்கினா போதும் மாப்ள” என்பார். அந்த ஏக்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

கம்பெனி மேனேஜர் வெளிநாட்டுக்காரர். இவர் மகள் இருக்கும் அதே ஊர்தான் அவருக்கும். விசாவுக்குத் தானே லெட்டர் தருவதாக ஒருநாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. அளவு தெரியாமல் பேத்திக்கு ஒரு கவுன் வாங்கினார். அதற்குள் இரண்டு பேத்திகள் புகலாம்.

கம்பெனி உள்ளூர்க்காரர்கள் பெயரில் இருந்தது. போட்ட முதல் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுடையது. அந்தத் தொழிலில் அதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வெளிநாட்டு முதலீட்டைக் கண்காணிக்கும் இலாகாவிலிருந்து மூன்று பேர் சோதனைக்கு வந்தார்கள். இவர் உள்ளே போன் செய்தார். கொஞ்ச நேரம் வெளியிலேயே நிறுத்தி வைக்கச் சொன்னார் மேனேஜர்.

“கேட்டத் திறங்க. எங்களத் தடுத்தா ஜெயிலுக்குத்தான் போவீங்க” என்றார் வந்தவர்களில் மூத்த பெண் அதிகாரி.

“சீட்டு வரட்டும்மா.”

இருபது நிமிடம். அதற்குள் உள்ளே முக்கியமான காகிதமெல்லாம் தூளாகிவிட்டது.

“அந்தம்மா சொன்னது நல்லா காதுல விழுந்துச்சு மாப்ள. ஆனா லெட்டரு ஞாபகந்தான் வந்துச்சு” என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

கோர்ட்டில் மேனேஜரின் வக்கீல், வாட்ச்மேன் தானாகச் செய்த காரியம் என்று கைகழுவிவிட்டார். கம்பெனிக்கு அபராதம். அதிகாரிகளைத் தடுத்த குற்றத்துக்கு இவருக்கு மூன்று மாத ஜெயில். உண்மையைச் சொல்லித் தொலையுங்கள் என்று நான் கத்தாத குறை. மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

“சொல்லிட்டா அவரு லெட்டரு தருவாரா?”

வெளியே வந்ததும் விசா ஆபீசுக்கு நான்தான் கூட்டிப் போனேன். தண்டனை அனுபவித்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கு விசா கிடையாது என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குள் பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். இவர் இருப்பாரோ மாட்டாரோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“கேட்டத் திறக்காதன்னு சொன்ன அந்த மேனேஜர் பாவி பிளேன் ஏறிட்டான். இப்ப உங்க பொண்ணு இருக்கற ஊர்ல ராஜா மாதிரி சுத்தறான். உங்களுக்குக் கோவமே வரலயா அத்தான்?”



“கடைக்குக் கிடைக்குப் போறப்ப, நம்ம புள்ளைங்கள அவரு எங்கயாச்சும் பாத்திருப்பாருல்ல மாப்ள?” என்றார்.