ஏழாம் எண் டிஸ்க்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'கடைசிநாலு'. யார் வந்து டிஸ்க்கைப் பற்றி வாயெடுத்தாலும், "கடைசி நாலு எழுத்தைச் சொல்லுங்க" என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழமாட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏசி அறையில் நாலு பெரிய சர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் முப்பது நாற்பது கம்ப்யூட்டர்கள், தனி உடம்பில்லாமலே ஓடிக்கொண்டிருந்தன. லேப் ஒன்று, மருந்துக் கடை ஒன்று, ஸ்கேன் ஒன்று என்று. அவற்றின் டிஸ்க்குகள் சர்வருக்குள் கிடையாது. எதிர்ச் சுவரோரம் நின்ற ஸ்டோரேஜ் அலமாரியில் இருந்தன. கேபிள் வழியாக நாலு சர்வரும் அவற்றைப் பார்க்கும். பார்க்கும்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சின்ன எண் தெரியும். வம்பே அங்கேதான். ஒரே டிஸ்க் ஒரு சர்வருக்கு மூன்று, இன்னொன்றுக்கு ஏழு. ஆனால் டிஸ்க்குக்கென்று பிறவிப் பெயர் ஒன்று உண்டு. எழுத்தும் எண்ணுமாக முப்பத்திரண்டு. எங்கிருந்து பார்த்தாலும் அது மாறாது. கடைசிநாலு அதை மட்டும்தான் நம்புவார்.

கேபிள் இழுக்கிற ஆளாக உள்ளே வந்து, படித்துப் படித்து அந்த அறைக்குப் பொறுப்பானவர். மனைவியின் தம்பி வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, பெரிய டாக்டர் அம்மாவின் அறை வாசலில் மூன்று நாள் நின்று அவனையும் சேர்த்துவிட்டார். மச்சானுக்கு நாக்கில் தேன். மீட்டிங்கில் அவன் பேசினால் ஏசி ஓடுகிற சத்தம் கேட்கும். எட்டே வருடத்தில் அவன் துறைத் தலைவர், இவர் அவனுக்குக் கீழே. வீட்டில் 'மாமா', ஆபீசில் 'மிஸ்டர்'.

ஸ்கேன் படங்களுக்குப் பிரதி எடுத்து வைக்கும் பெட்டி நிரம்பிவிட்டது, புதிது வேண்டும் என்று இவர் இரண்டு கடிதம் கொடுத்தார். இரண்டிலும் மச்சான் 'பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எட்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

லேப்புக்கென்று வாங்கிய புது டிஸ்க் ஒன்றை முந்தின நாள்தான் அலமாரியில் மாட்டியிருந்தார்கள். அன்று காலை பதினொரு மணி. பல் வலி என்று கடைசிநாலு மச்சானிடம் வாய்வார்த்தையாக ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மச்சான் திரை முன்னால் வியர்த்து உட்கார்ந்திருந்தான், அந்தக் குளிரிலும்.

"மாமா, புது டிஸ்க்கை ஃபார்மட் பண்ணினேன். ஸ்கேன் நின்னுபோச்சு."

"எதைப் பண்ணின?"

"ஏழாம் நம்பரைத்தான். மூணாவது சர்வர்ல புதுசு ஏழுன்னு காட்டிச்சு. அந்த சர்வர் ரொம்ப மெதுவா இருந்ததால முதல் சர்வர்ல போய் அதே நம்பரை..."

"முதல் சர்வர்ல ஏழு ஸ்கேனுடா! கடைசி நாலு பார்த்தியா?"

"பேரே போடலை மாமா. காலின்னு நினைச்சேன்."

ஸ்கேன் கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைச் சர்வரைத் தாண்டி நேராகப் பிடித்திருந்ததால் சர்வர் பட்டியலில் அதற்குப் பெயர் இருக்காது. எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று திரை கேட்டிருக்கிறது. இவன் சரி என்று அழுத்தியிருக்கிறான். பழைய படங்கள் பிரதியில் இருந்தன. கடைசி எட்டு மாதம் போனது போனதுதான்.

அன்று சாயங்காலம் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். தம்பி முந்திக்கொண்டு போன் பண்ணிவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"என்னங்க, உங்களுக்கு இன்னும் மூணு வருஷம்தான் சர்வீஸ். அவனுக்கு இருபது வருஷம் இருக்கு. சின்னக் குழந்தை வேற. பழியை நீங்க ஏத்துக்கக் கூடாதா?"

"நான் அந்த இடத்துலயே இல்லம்மா."

"தெரியும். அதனாலதானே கேக்கறேன்."

அது என்ன நியாயம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் முப்பது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

பெரிய டாக்டர் அம்மா நடத்திய விசாரணையில் "என் கவனக்குறைவு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்திலிருந்த மச்சான் தொண்டையைச் செருமினான். "மேடம், டிஸ்க்கோட முழுப் பேரைச் சரிபாருங்கன்னு இவருக்குப் பல தடவை சொல்லியிருக்கேன். வயசாயிடுச்சு, என்ன பண்றது." கடைசிநாலு அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

அவரைக் கீழ்த்தளத்தில் பிரிண்டர் பழுது பார்க்க அனுப்பினார்கள். ஸ்கேன் கவுன்டரை ஒட்டினாற்போல் மேஜை. ஒரு நாள், சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தபோது, கையில் உறையோடு ஒரு பெண் அவரிடம் வந்தாள்.

"சார், அம்மாவுக்கு நுரையீரல்ல ஒரு புள்ளி. அஞ்சு மாசம் முன்னாடி இங்கதான் படம் எடுத்தோம். அது இப்போ இல்லையாம். வளர்ந்திருக்கா இல்லையான்னு டாக்டருக்கே சொல்லத் தெரியலை. யாரோ அழிச்சிட்டாராமே?"

"ஆமாம்மா."

"அந்த ஆளு இன்னும் இங்க வேலையில இருக்காரா?"

அவர் காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். "இருக்காரு."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அந்த இரண்டு வார்த்தை எந்தத் திட்டிலும் சேராது. அதற்கப்புறம் பல நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மச்சானின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். "இன்னுமா அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்பாள் மனைவி. தம்பிக்குக் காபி கலந்துகொண்டேதான் சொல்வாள்.

ஓய்வு பெற்ற நாளில் கீழ்த்தளத்து ஆட்கள் நாலைந்து பேர் கூடினார்கள். மச்சான் பூங்கொத்தோடு இறங்கி வந்து, மாமாதான் தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்று அழகாகப் பேசினான். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பூங்கொத்தை வாங்கிப் பிரிண்டர் மேல் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"தம்பி வந்தானா?" என்றாள் மனைவி, கதவைத் திறந்தபடியே.

"வந்தான்."

அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.