கேட்டு மூடுறதுக்குள்ளே

"இந்த வயசுல ட்யூஷன் போறேன்னு ஊருக்குள்ள சொல்லிப்புடாதீங்கண்ணா" என்று ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். ஊருக்குள் சொல்லவில்லை. உங்களிடம்தானே சொல்கிறேன்!

ஆரோக்கியம் எங்கள் ஊர்க்காரர். மொரப்பூர் பக்கம் தக்காளி போடுகிறவர். தங்கமான மனிதர்... எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை, அவ்வளவுதான். மகள் ஜெனிஃபரைச் சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போக வேண்டியது காலை ரயிலில்; வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். அந்தப் பெண் சொல்லிவிட்டாள்: "நீங்க வேணாம்ப்பா. நான் மாமாவையே கூட்டிக்கிட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாளாம். அதுதான் மனிதரை உலுக்கிவிட்டது. "இந்த ஒரு தடவை நம்பு கண்ணு" என்று மகளிடம் கெஞ்சிவிட்டு, நேராக என் தங்கை மலரிடம் வந்து நின்றார்.

மலர் தர்மபுரியில் ஒரு வகுப்பு நடத்துகிறாள். எக்சிகியூட்டிவ் ஃபங்ஷன் பயிற்சி என்று பெரிய பெயர். விஷயம் சின்னது - நினைத்த வேலையைத் தொடங்குவது, நடுவில் தடம் மாறாமல் இருப்பது, முடிப்பது. சின்னதா? நம்மில் எத்தனை பேருக்கு அது வருகிறது? குழந்தைகளும் வருகிறார்கள், பெரியவர்களும் வருகிறார்கள். ஆரோக்கியத்துக்குத் துணையாக நானும் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் தாத்தா, உங்களுக்கும் ஹோம்வொர்க் உண்டா?" பக்கத்திலிருந்த ஐந்தாம் வகுப்புப் பெண் அவரைக் கேட்டாள்.

"ஹோம்வொர்க் இருக்கட்டும் சாமி. மொதல்ல மாமான்னு கூப்புடு!"

மலர் எழுந்தாள். "ஆரோக்கியண்ணா, ட்ரெயினுக்குக் கெளம்புறாப்புல நடிச்சுக் காட்டுங்க."

ஆரோக்கியம் இல்லாத கதவைப் பூட்டினார். இல்லாத வண்டியை உதைத்தார். "அப்புறம், தோட்டத்துல மோட்டாரு ஓடுதான்னு ஒரு எட்டு பார்த்துட்டு..."

"கேட்டு!" என்று ஒரு கத்தல் போட்டாள் மலர்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

எங்கள் ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். ரயில் வருகிறது என்றால் மூடிவிடுவார்கள். எந்த ரயில்? நாம் ஏற வேண்டிய அதே ரயில்! சின்ன வயதில் சேலத்தில் மாமா கல்யாணத்துக்குக் கிளம்பினோம். மலருக்கு ஒரு பக்க ரிப்பன் காணோம். வீடே கவிழ்ந்தது. கேட்டுக்கு வந்தால்... மூடியாச்சு. எங்கள் ரயில் எங்கள் கண் முன்னாலேயே போகிறது. ஜன்னலிலிருந்து யாரோ கையாட்ட, ஒற்றை ரிப்பனோடு மலர் சந்தோஷமாகப் பதிலுக்குக் கையாட்டினாள்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா வேப்பமரத்தடியில் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். கேட்கீப்பருக்கும் ஒரு பிடி வைத்தார். எத்தனையோ கல்யாணச் சாப்பாடு மறந்துபோயிற்று. போகாத அந்தக் கல்யாணத்தின் புளிசோறு மட்டும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

அன்று முதல் எங்கள் வீட்டில் "ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று யாரும் சொன்னதில்லை. "கேட்டு!" - அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பரீட்சைக்கும் அதே குரல். வழியில் கேட்டே இல்லாத தர்மபுரி வீட்டுக்குக் குடிவந்த பிறகும், இருந்தவரைக்கும் அம்மா அப்படித்தான் கத்துவார்.

வகுப்பில் பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொண்டார்கள். ஆரோக்கியம் இல்லாத டீக்கடையில் நின்றால் "கேட்டு!" தக்காளி என்ன விலை போகிறது என்று விசாரிக்கத் திரும்பினால் "கேட்டு!"

"ட்ரெயின் டைமை மறந்துடுங்கண்ணா" என்றாள் மலர். "கேட்டு மூடுற நேரத்துல ஆரம்பிச்சு, அதுக்கு முன்னாடி என்ன, அதுக்கும் முன்னாடி என்னன்னு பின்னாலயே வாங்க. நீங்க எந்திரிக்கவேண்டிய நேரம் தானா வந்து நிக்கும்."

மனிதர் அதோடு விடவில்லை. பிள்ளைகளை மறுபடி கத்தச் சொல்லி, போனில் பதிவுசெய்து, அதையே அலாரமாக வைத்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை, இன்டர்வியூ நாள். காலையில் போன். ஆரோக்கியம்!

"என்னங்க, கேட்டுல மாட்டிக்கிட்டீங்களா?"

"ஸ்டேஷன்ல நிக்கிறோம்ண்ணா! நானும் பாப்பாவும்! இப்ப நீங்க ஊருக்குள்ள தாராளமாச் சொல்லிக்கங்க!"

"ட்ரெயின்?"

"இன்னும் வரலீங்க! லேட்டாம்! லேட்டு!"

"மெதுவாப் பேசுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க..." பின்னால் ஜெனிஃபர் சிரிப்பது கேட்டது.

ரயில் லேட் என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததே இல்லை.